வரிசையில் நிற்க யாருக்குப் பிடிக்கும்?

கம்பளையிலிருந்து கண்டிக்கு வேலைக்குப் போய்வந்த வருஷங்களில், என்ன வேலை என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்வதே எனக்குப் பெரிய தலையிடியாக இருந்தது. கொம்பியூட்டரில் உருவம் செய்கிறேன் என்றால், "கல்யாண வீடியோவா?" என்பார்கள். வீடியோ கேம் செய்கிறோம் என்றால் சிரிப்பார்கள். கேம் என்றால் பையன்கள் டியூஷன் காசைக் கொண்டுபோய்க் கரைக்கிற சாமான். அதை எங்கோ ஒரு மாடியில் வளர்ந்த மனிதர்கள் உட்கார்ந்து செய்கிறார்கள் என்று யாருக்கும் தோன்றவே இல்லை. அதுவும் யுத்தம் மறுபடி தொடங்கி, பஸ்ஸுக்கு பஸ் இறக்கி அடையாள அட்டை பார்த்துக்கொண்டிருந்த காலத்தில்.

பேராதனை வீதியில் ஒரு சப்பாத்துக் கடைக்கு மேல்மாடியில் எங்கள் ஒபிஸ். வெளிநாட்டுக் கம்பனிகள் பெரிய செலவில் செய்யும் கேம்களில் கல், கதவு, தெரு, சந்தை, சனம் என்று கை ஓயாத வேலைகளை எங்களைப் போன்ற இடங்களுக்கு அனுப்பிவிடும். முதலாளி சிங்களவர், வெளிநாட்டில் படித்துவிட்டு வந்தவர், சார் என்போம். என் பக்கத்துக் கதிரையில் மடவளையிலிருந்து வரும் முஸ்லிம் ஒருவர். மூத்தவர் என்பதால் அவரை நான் நானா என்பேன், அவர் என்னைத் தங்கச்சி என்பார். அந்த மாடியில் தமிழ் பேசியவர்கள் நாங்கள் இருவர்தான். நான் மனிதர்களைச் செய்வேன். அவர் அவர்களை நடக்கவும் குனியவும் திரும்பவும் வைப்பார்.

எங்களுக்கு வந்த மிகப் பெரிய வேலையைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன்.

அதை எழுதியது வெளிநாட்டில் ஒரு சின்னக் குழு. அவர்கள் அதற்கு முன் செய்த கேமை அதிகம் பேர் வாங்கவில்லை. ஆனால் வாங்கியவர்கள் அதைப் பற்றிப் பேசி முடிக்கவே மாட்டார்கள். புதியது ஒரு முற்றுகையிடப்பட்ட நகரத்தைப் பற்றியது. நாயகி நாற்பதைத் தாண்டிய ஒரு தாய். அவள் கையில் துவக்கு கிடையாது. வீட்டில் இருப்பவர்களுக்குத் தண்ணீரும் பாணும் கொண்டுவர வேண்டும். அதற்கு வரிசையில் நிற்க வேண்டும். வரிசையில் முன்னால் நிற்பவள் ஒன்று சொல்வாள், பின்னால் நிற்பவன் வேறொன்று சொல்வான். எந்தத் தெரு பாதுகாப்பு, யார் வீடு எரிந்தது, நாளைக்கு மா வருமா என்று காதில் விழுவதில் எதை நம்புவது என்று விளையாடுகிறவர் முடிவெடுக்க வேண்டும். தப்பாக நம்பினால் பிள்ளை பட்டினி. கேமின் உயிரே அந்த வரிசைதான். அந்த வரிசையை என்னிடம் கொடுத்தார்கள்.

எனக்கு அது கிடைத்தது பெரிய அதிர்ஷ்டம் என்று நினைத்தேன். எண்பத்துமூன்று கலவரத்தில் நான் கைக்குழந்தை. எங்கள் தோட்டத்து லயின் வீடுகளை விட்டு அம்மா என்னை இடுப்பில் வைத்துக்கொண்டு பள்ளிக்கூட மண்டபத்துக்கு ஓடினாள். அந்தக் கதையை வீட்டில் எப்போது சொன்னாலும் நெருப்பைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டாள். தண்ணீருக்குப் பைப்படியில் நின்ற வரிசையைப் பற்றித்தான் சொல்வாள். யார் யாரைத் தள்ளினார்கள், யார் தன் இடத்தை விட்டுக்கொடுத்தார்கள், யார் வாய்க்கு வந்த புரளியைச் சொல்லி எல்லாரையும் அழவைத்தார்கள் என்று. எனக்கு நினைவில்லாத ஒன்றை நான் முப்பரிமாணத்தில் செய்யப் போகிறேன் என்று சந்தோஷப்பட்டேன்.

கண்டி மார்க்கெட்டுக்குப் போய் சாக்குமூட்டைகளின் மேல் பெண்கள் எப்படிச் சாய்கிறார்கள் என்று பென்சிலால் கீறினேன். கடலை விற்கிறவர்களையும் பஸ் தரிப்பிடத்தில் நிற்கிறவர்களையும் கீறினேன். நகரத்தின் வாசலில் ஒரு காவலரண் வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். நான் தினமும் கடந்துபோகிற ஒன்றைப் பார்த்துக் கீறினேன். மணல்மூட்டை, தகரக் கூரை, வெள்ளை அடித்த டயருக்குள் சிப்பாய்கள் நட்டுவைத்திருந்த பூக்கன்று எல்லாவற்றையும் விடாமல்.

அது எவ்வளவு முட்டாள்தனம் என்று பஸ்ஸை நிறுத்தி என் பையைத் திறந்தபோதுதான் விளங்கியது.

"மேவா மொனவாத?" என்று பொலிஸ்காரர் கேட்டார். இதெல்லாம் என்ன என்று. மற்ற எல்லாரும் பஸ்ஸில் ஏறிக்கொண்டார்கள். பஸ் போய்விட்டது. என்னைப் பக்கத்திலிருந்த பொலிஸுக்குக் கூட்டிப்போனார்கள்.

அங்கே இருந்த அதிகாரி சத்தம் போடவில்லை. அடையாள அட்டையைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் எனக்குத் தெரிந்த சிங்களத்தில், இது ஒரு கேமுக்கு என்றேன்.

"அந்தக் கேம்ல சுடுறது இருக்கா?"

"இல்ல சார்."

"சுடாத கேமுக்கு எதுக்குக் காவலரண்?"

"சனங்க அங்க காத்து நிப்பாங்க."

"காத்து நின்னு?"

"பிறகு போவாங்க."

அவர் பக்கத்து மேசைக்காரரைத் திரும்பிப் பார்த்தார். நான் சொன்னது முழுக்க உண்மை. உண்மையாக இருந்ததால்தான் அது அவ்வளவு மோசமான பொய்போலக் கேட்டது. துவக்கில்லாத ஒரு விளையாட்டுக்கு, கம்பளையிலிருந்து ஒரு தமிழ்ப் பெட்டை, காவலரணின் மணல்மூட்டையை ஏன் வரிசை வரிசையாகக் கீற வேண்டும்?

ஒபிஸுக்குத் தகவல் போய், சார் வந்து சேர பிற்பகலாகிவிட்டது. வந்தவர் கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, பழைய சிநேகிதரோடு பேசுவதுபோலச் சிரித்துச் சிரித்துப் பேசினார். இது ஆமிக் கேம், ஒரு வீரன் தனியாளாக நகரத்தை மீட்கிறான், பயங்கரவாதிகளைச் சுட்டுத் தள்ளுகிறான், இவள் அதில் கட்டடம் செய்கிறவள் என்றார். அதிகாரியின் முகம் மலர்ந்தது. எப்போது வெளிவரும் என்று கேட்டார். தன் மகனுக்கு ஒன்று வேண்டுமாம். எனக்குக் குடிக்கப் பிளேன்டி வரவழைத்துக் கொடுத்தார்கள்.

வெளியே வந்ததும் நான், "ஏன் சார் அப்படிச் சொன்னீங்க?" என்றேன். கேட்டிருக்கக் கூடாதுதான். ஆனால் கேட்டுவிட்டேன்.

"உள்ளதைச் சொல்லியிருந்தா உன்னை விட்டிருக்க மாட்டாங்க," என்றார் அவர். "இந்தக் கதைன்னா எல்லாருக்கும் விளங்கும்."

நன்றி சொன்னேன். உண்மையாகவே நன்றியாகத்தான் இருந்தது. பஸ்ஸில் வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்ததும் உண்மை.

அதற்குச் சில மாதங்களுக்குப் பிறகு அந்தச் சின்னக் குழுவை ஒரு பெரிய கம்பனி வாங்கியது. எங்கள் ஒபிஸுக்குப் புதுக் கொம்பியூட்டர்களும் ஜெனரேட்டரும் வந்தன, சம்பளமும் கூடியது. சார் எல்லாருக்கும் பிரியாணி எடுத்தார். நானா மடவளையிலிருந்து வட்டலாப்பம் கொண்டுவந்தார். இனிமேல் நமக்கு நல்லகாலம்தான் என்று நானும் சாப்பிட்டேன்.

பிறகு மின்னஞ்சல்கள் வரத் தொடங்கின. எல்லாம் மிக மரியாதையானவை. முதலில் அந்தத் தாயின் வயதைக் குறைக்கச் சொன்னார்கள்; குறைத்தேன். அடுத்து, அவளுக்கு ஒரு தம்பி இருக்கட்டும், முன்னாள் படைவீரன் என்றார்கள். கொஞ்ச நாளில் தம்பி நாயகனாகி, தாய் வானொலியில் பேசும் ஒரு குரலாக மட்டும் மிஞ்சினாள். தம்பியிடம் துவக்கு இருந்தது. துவக்கு இருந்தால் சுட வேண்டும். சுடுகிறவன் தண்ணீருக்கு ஏன் வரிசையில் நிற்கிறான்? வரிசையைக் குறுக்கச் சொன்னார்கள். பிறகு, ஒரு பொத்தானை அழுத்தி வரிசையைத் தாண்டிப் போகும்படி வைத்தார்கள். சோதனைக்கு விளையாடியவர்கள் எல்லாரும் அந்தப் பொத்தானை அழுத்தினார்களாம். அப்படியென்றால் வரிசை எதற்கு என்று அடுத்த மின்னஞ்சல் கேட்டது. ஒவ்வொன்றிலும் ஒரே காரணம்: பரந்த ரசிகர் கூட்டத்துக்குப் பிடிக்க வேண்டும். இவ்வளவு காசு போட்ட ஒன்று எல்லாருக்கும் பிடிக்காவிட்டால் தாங்காது.

"எல்லாருக்கும் பிடிச்ச ஒண்ணு யாருக்காவது உயிரா இருக்குமா நானா?" என்று கேட்டேன்.

நானாவின் வாப்பாவுக்கு மடவளையில் புடைவைக் கடை. அவர் எதையும் கடைக்கணக்கில்தான் யோசிப்பார். "எங்கட கடையில எது கூட ஓடுது தெரியுமா தங்கச்சி? சாரம். குண்டனும் உடுக்கலாம், ஒல்லியனும் உடுக்கலாம். அளவு எடுக்கத் தேவயில்ல."

"அப்ப யாரும் டெய்லரிடம் போறதில்லையா?"

"போவாங்க. கல்யாணத்துக்கு. அந்த டெய்லருக்கு எத்தின மாசம் கட பூட்டி ஈக்குது எண்டு கேட்டுப் பாருங்க."

எரிச்சலோடு என் திரைப்பக்கம் திரும்பிக்கொண்டேன்.

வரிசையை முற்றாக எடுக்கப்போகிறார்கள் என்று தெரிந்த கிழமை, வெளிநாட்டோடு இணைப்பில் பேசும் கூட்டம் ஒன்று இருந்தது. வரிசையை முதலில் யோசித்தவரே மறுமுனையில் இருந்தார். அவரும் என்னைப் போல எரிந்துகொண்டிருப்பார் என்று நினைத்தேன். அவர் குரல் களைத்திருந்தது, அவ்வளவுதான். சார் கண்ணால் தடுத்தும் நான் பேசினேன். வரிசை பிடிக்கவில்லை என்று சொன்னவர்கள் யார் என்று கேட்டேன்.

கடைத்தொகுதிகளில் கூப்பிட்டு உட்காரவைத்த இளைஞர்கள் என்றார். இந்த வகைக் கேம் வாங்குகிறவர்கள்.

"அவங்க எங்கயாவது தண்ணிக்கு வரிசையில நின்றிருக்காங்களா? என் அம்மா நின்றிருக்கா. அவகிட்டக் காட்டிக் கேளுங்க."

அவர் மெதுவாக, "உங்க அம்மா கேம் வாங்குவாங்களா?" என்று கேட்டார்.

கேலியாகக் கேட்கவில்லை. அவரிடமும் அந்தக் கேள்வியை வேறு யாரோ கேட்டிருப்பார்கள் என்று இப்போது நினைக்கிறேன். அன்றைக்கு எனக்கு அழுகை வந்தது. எழுந்து போய் முகம் கழுவினேன்.

வாங்க மாட்டாள் என்றால் விளையாட மாட்டாள் என்று அர்த்தமா? அந்த வீம்பில்தான் அம்மாவைக் கூட்டிவந்தேன். ஒரு சனிக்கிழமை, கண் கிளினிக்குக்கென்று அவள் கண்டிக்கு வந்திருந்தாள். ஒபிஸில் அதிகம் ஆளில்லை. நானா வரிசை இருந்த பழைய பிரதியைப் போட்டுத் தந்தார். அம்மாவைக் கதிரையில் இருத்தி, மவுஸைப் பிடித்துக் காட்டினேன். திரையில் வந்த பேச்சுகளை நான் பக்கத்தில் நின்று தமிழில் சொன்னேன்.

முதலில் அவளுக்குப் பிடித்துத்தான் இருந்தது. "இந்தா, மூட்டை மேல குந்தியிருக்கா பாரு. ஐயோ, அப்பிடியே இருக்காளே!" என்றாள். குழந்தையை இடுப்பு மாற்றி வைக்கும் பெண்ணைப் பார்த்து நானாவிடம், "இத நீங்களா தம்பி செஞ்சீங்க?" என்று கேட்டாள். நானா வெட்கப்பட்டார். பார்த்தாயா, பார்த்தாயா என்று மனதுக்குள் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தேன்.

வரிசை மெல்ல நகர்ந்தது. குழாய்க்குக் கிட்டப் போனதும் தண்ணீர் நின்றுவிட்டது. நாளைக்கு வாருங்கள் என்று கையசைத்து எல்லாரையும் அனுப்பினார்கள். அந்த இடத்தைச் செய்ய நானும் நானாவும் எத்தனையோ கிழமை உழைத்திருந்தோம்.

அம்மா மவுஸிலிருந்து கையை எடுத்தாள்.

"நாளைக்கும் வரணுமா?"

"ஆமாம்மா."

"வந்தா குடுப்பாங்களா?"

"சில நாள் குடுப்பாங்க."

அவள் முந்தானையால் உள்ளங்கையைத் துடைத்துக்கொண்டாள். "ஏன்டி, இதப் போயி யாரு காசு குடுத்து வாங்குவா? நான் நின்னது போதாதா?"

"நீ நின்னது மத்தவங்களுக்குத் தெரியணும்ல."

"தெரிஞ்சு என்னா செய்யப் போறாங்க?" என்றாள். கோபமில்லை. உண்மையிலேயே கேட்டாள்.

நிலைமையைச் சமாளிக்கத்தான் நானா புதிய பிரதியைப் போட்டார். அதே தெரு. தம்பிக்காரன் கூரைக்குக் கூரை தாவி, துவக்கோடு வந்து குதித்து, தண்ணீர் பவுசர் லொறியைப் பிடித்துவைத்திருந்தவர்களைச் சுட்டு விழுத்தினான். அம்மா முன்னால் சாய்ந்து பார்த்தாள். முகம் மாறிவிட்டது.

"இது நல்லா இருக்கு," என்றாள். "என்னா ஓட்டம் ஓடுறான் பாரு! அன்னிக்கு இப்பிடி ஒருத்தன் வந்திருந்தான்னா..." திரும்பவும் ஒருமுறை போடச் சொன்னாள்.

கம்பளை பஸ்ஸில் நான் ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தேன். கெலிஓயா தாண்டும்போது, "கோவமா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். யார்மேல் கோபப்படுவது? அம்மாவுக்காகத்தான் சண்டை பிடிக்கிறேன் என்று ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். அம்மாவோ அந்தக் கடைத்தொகுதிப் பையன்களின் பக்கம் போய் நின்றுகொண்டாள். அவள் சொன்னதில் பிழையும் இல்லை. அதுதான் என்னை அரித்தது.

திங்கட்கிழமை சார் என்னைக் கூப்பிட்டார். வரிசையில் நிற்கச் செய்திருந்த ஆட்களை வீணாக்க வேண்டாம், துவக்குச் சத்தம் கேட்டதும் அவர்கள் சிதறி ஓடட்டும் என்று உத்தரவு வந்திருந்தது. செய்தோம். குழந்தையை இடுப்பில் வைத்திருந்தவள் குனிந்துகொண்டே ஓடினாள். சாக்குமூட்டைக்காரி மூட்டையைப் போட்டுவிட்டு ஓடினாள். நானா நன்றாகச் செய்தார். அவரும் சந்தோஷமாகச் செய்யவில்லை என்பதைச் சொல்ல வேண்டும். ஒருநாள் அந்தக் காட்சியைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டுப் பார்த்துவிட்டு, "இவங்க எங்க தங்கச்சி ஓடுறாங்க? தெருமுனையோட படம் முடியுதே," என்றார். தெருமுனைக்கு அப்பால் நாங்கள் எதுவும் செய்திருக்கவில்லை. ஓடியவர்கள் அங்கே போனதும் மறைந்துவிடுவார்கள்.

யுத்தம் முடிந்த வருஷத்தில்தான் கேம் வெளிவந்தது. நகரமெங்கும் கொடி கட்டி, வீதியில் நிற்பவர்களுக்குப் பாற்சோறு கொடுத்து, வெடி கொளுத்திய நாட்கள் போய்க் கொஞ்சக் காலத்துக்குப் பிறகு. உலகமெங்கும் பிய்த்துக்கொண்டு விற்றது என்றார் சார். கண்டி மணிக்கூட்டுக் கோபுரத்துக்குக் கிட்ட ஒரு கேம் கடையில் அதைப் போட்டிருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு நானும் நானாவும் போய்ப் பார்த்தோம். பள்ளிக்கூட உடுப்போடு பையன்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். ஒருவன் என் தெருவில் புகுந்து, நான் செய்த ஒவ்வொரு முகத்தையும் தாண்டி, கண் சிமிட்டும் நேரத்தில் அந்தப் பக்கம் போய்விட்டான். பக்கத்திலிருந்தவன் விளையாட்டில் காயம் பட்டு, அந்தத் தெருவின் ஒரு கடைக்குள் பதுங்கினான். உடம்பு தேறும்வரைக்கும் செய்வதற்கு ஒன்றுமில்லாமல் அங்குமிங்கும் திரும்பிப் பார்த்தவன், நான் கண்டி மார்க்கெட்டைப் பார்த்துத் தட்டில் செய்து வைத்த கோழிக்கூடு வாழைக்குலையைக் கண்டு, "அடே, நம்ம கோழிக்கூடு மச்சான்!" என்றான். எல்லாரும் எட்டிப் பார்த்துச் சிரித்தார்கள். பிறகு அதைச் சுட்டான்.

நானாவும் சிரித்துவிட்டார். நான் வெளியே வந்துவிட்டேன்.

இணையத்தில் அந்தப் பழைய குழுவின் பழைய ரசிகர்கள் கொதித்துக்கொண்டிருந்தார்கள். நம்மை விற்றுவிட்டார்கள், கேமைக் கொன்றுவிட்டார்கள் என்று எழுதினார்கள். கொஞ்சப் பேர்தான், ஆனால் குரல் பெரிது. கடைசியாக என் பக்கத்துக்கும் ஆட்கள் இருக்கிறார்கள் என்று ஆசையாக வாசித்தேன். வாசிக்க வாசிக்க அவர்களையும் பிடிக்காமல் போனது. துன்பத்தை உணர்கிற பக்குவம் சாதாரணச் சனங்களுக்குக் கிடையாது, அவர்களுக்கு வாணவேடிக்கைதான் வேண்டும் என்று ஒருவர் எழுதியிருந்தார். அதற்குக் கீழே எத்தனையோ பேர் ஆமாம் போட்டிருந்தார்கள். பைப்படியில் நின்றவளைவிடச் சாதாரணச் சனம் யார்? அவளுக்கு வாணவேடிக்கைதான் பிடித்தது. அதை இவர்களுக்கு எப்படி விளக்குவது? பதில் எழுதத் தொடங்கி, அழித்து, திரும்ப எழுதி, கடைசியில் கொம்பியூட்டரை நிறுத்திவிட்டேன்.

விமர்சனங்கள் எல்லாம் ஒன்றைமட்டும் தவறாமல் பாராட்டின: சிதறி ஓடும் சனக்கூட்டம் அப்படியே உயிரோடு இருக்கிறதாம். சார் அதை அச்செடுத்துச் சுவரில் ஒட்டினார். இரண்டாம் பாகமும் நமக்குத்தான் என்றார். நான் அந்த மாதமே வேலையை விட்டேன். வீட்டில் வேறு காரணம் சொன்னேன். தினமும் பஸ்ஸில் போய்வர முடியவில்லை என்று.

கம்பளையில் ஒரு கொம்பியூட்டர் வகுப்பில் படிப்பித்தேன். எழுத்துத் தட்டச்சு, கணக்கு அட்டவணை, அவ்வளவுதான். ஞாயிறுகளில் வீட்டிலிருந்த பழைய கொம்பியூட்டரில் வரிசையை மட்டும் வைத்து ஒரு சின்னக் கேம் செய்யலாம் என்று தொடங்கினேன். குழாய், ஒரு தெரு, சில பெண்கள். அவர்கள் நிற்பார்கள். அதற்கு மேல் என்ன செய்வது என்று வரும்போதெல்லாம் அம்மாவின் கேள்வி வந்து நிற்கும்: தெரிந்து என்ன செய்யப் போகிறார்கள்? பதில் தெரியாமல் ஒரு அடியும் எடுத்துவைக்க முடியவில்லை. அம்மாவோ சமையலறையிலிருந்து, "அந்த ஓடுற பையன் படம் இதுல வராதா?" என்று கேட்டாள்.

ஒருநாள் நானா போனில் கோல் எடுத்தார்.

"தங்கச்சி, ரெண்டாம் பாகத்துக்கு ஆள் எடுக்கிறாங்க. சார் உங்களத்தான் கேக்கிறார். வாறீங்களா?"

"எப்படிக் கேம் நானா?"

"நீங்க கேக்கிற மாதிரி இல்ல. அது தெரிஞ்சதுதானே."

"பிறகு ஏன் என்னைக் கேக்கிறீங்க?"

"முகம் செய்ய இங்க வேற ஆள் இல்லயே," என்றார். அதோடு, "எனக்கும் இங்க பேச ஒரு ஆள் இல்ல," என்றார்.

வகுப்பில் பிள்ளைகள் காத்திருந்தார்கள். யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். யோசிக்க அதிகம் இருக்கவில்லை. எனக்குத் தெரிந்த வேலை அது ஒன்றுதான். அதைக் காசு கொடுத்துச் செய்யச் சொல்கிறவர்கள் அந்த மாடியில் மட்டும்தான் இருந்தார்கள். அடுத்த மாதம் திரும்பவும் காலை பஸ்ஸில் ஏறினேன். என் மேசையில் புதுத் திரை வைத்திருந்தார்கள். முதல் மின்னஞ்சல் வந்து காத்திருந்தது. போன தடவை சனக்கூட்டம் எல்லாருக்கும் மிகவும் பிடித்துவிட்டது, இம்முறை அதை இன்னும் பெரிதாகச் செய்ய முடியுமா என்று மிக மரியாதையாகக் கேட்டிருந்தார்கள். முடியும் என்று எழுதினேன்.